ஏழு நாள் அலை

மார்ச் 10, செவ்வாய்

வெயில். காலை எட்டு மணிக்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கீரை வாடிக் கிடந்தது. அரியாலை வரை பஸ்ஸில் நின்றபடி. வளிமண்டல ஆய்வு நிலையத்துக்கு வந்ததும் முதல் வேலை மின்விசிறியைத் தட்டுவது. தட்டினால் சுற்றும். ஏன் என்று ஆராய்ந்ததில்லை. பௌதிகவியலில் பாதி ஆயுளைக் கழித்தவனுக்குச் சில விடயங்களை அப்படியே விடவும் தெரியவேண்டும்.

மேசையில் வாகினியின் வரைபுகள். என் மேற்பார்வையில் இருக்கும் ஒரே ஆய்வு மாணவி. செய்மதி பூமியின் விளிம்பைச் செங்கீழ் (அகச்சிவப்பு) கதிரில் பார்க்கிறது. தொண்ணூறு, நூறு கிலோமீற்றர் உயரத்திலுள்ள காபனீரொட்சைட்டு தன் சூட்டைச் செங்கீழாக வெளியே விடுகிறது. அந்த மங்கல் ஒளியை அளந்தால் அங்கே எவ்வளவு குளிர் என்று தெரியும். பலூன் அவ்வளவு உயரம் ஏறாது. செய்மதி அவ்வளவு கீழே இறங்கினால் எரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற ஊருக்குக் கடிதம் போட ஒரே விலாசம் இந்த மங்கல்தான்.

வாகினி கண்டது: அங்கே வெப்பநிலை ஏழு நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. ஆறு மாதமாக, பிசகாமல். இதை வைத்துத்தான் 25ஆம் திகதி மதிப்பீட்டுக் குழுவின் (இனி ம.கு.) முன் நிற்கப் போகிறாள். ஏற்றால் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு. ஏற்காவிட்டால் உரும்பிராய்க்கு, வீட்டு வெங்காயத் தோட்டத்துக்கு. அவளை இங்கே வைத்திருக்க நிலையத்திடம் வேறு வழி இல்லை.

பணிப்பாளர் எட்டிப் பார்த்தார். "ஏழோ? ஏழு நல்ல இலக்கம்." பதாகை அடிக்கக் கொடுத்துவிட்டாராம். செய்மதியின் படமும் அவருடைய படமும். எது பெரிது என்று நான் கேட்கவில்லை.

வாங்க: மூக்குக்கண்ணாடிக்குச் சின்ன ஆணி. தேயிலை. நுளம்புச் சுருள்.

மார்ச் 11, புதன்

ஆணி கிடைக்கவில்லை. கண்ணாடியின் காலை நூலால் கட்டியிருக்கிறேன். தோற்றத்தில் படிப்பு கொஞ்சம் கூடிவிட்டது.

அலையின் அழகு உறுத்துகிறது. ஆறரை நாளுக்கு ஒருமுறை வரும் அலை அந்த உயரத்தில் உண்டு. உலகறிந்த விடயம். ஆனால் அது இயற்கையின் பிள்ளை: சில கிழமை எழும்பும், பிறகு படுக்கும், சொல்லாமல் திரும்பி வரும். வாகினியின் அலை அப்படியில்லை. ஒவ்வொரு செவ்வாயும் உச்சம், ஒவ்வொரு சனியும் பள்ளம். கிழமை என்பது மனிதர் செய்தது. தொண்ணூறு கிலோமீற்றர் உயரத்தில் செவ்வாய்க்கிழமை கிடையாது.

எங்கோ ஒரு மனிதக் கை. கைகள் என்று பார்த்தால் யோசேப்பண்ணையின் கைகள்தான் (இனி யோ.அ.). எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர். குருநகர்க்காரர். செய்மதி ஒவ்வொரு சுற்று முடிக்கும்போதும் வெளிநாட்டுத் தரவு நிலையம் ஒரு தரவுக் கோப்பை இணையத்தில் போடும். அடுத்தது வந்ததும் முந்தியதை எடுத்துவிடும். அதற்குள் இறக்க வேண்டும். இரவில் அதைக் கணினி நிரல் பார்த்துக்கொள்ளும். பகலில் கரண்ட் போய்ப் போய் வருவதால் நிரல் பாதிக் கோப்பை முழுக் கோப்பென்று நம்பிவிடும். யோ.அ. எதையும் சுலபத்தில் நம்பமாட்டார். ஆகவே பகல் அவருடையது.

கத்தோலிக்கர். ஏழாம் நாள் ஞாயிறு. மர்மம் துலங்கியது என்று நினைத்துக்கொண்டு போய்ச் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமையிலை வாறது கஷ்டமில்லையோ, யோசேப்பண்ணை?"

"என்ன கஷ்டம் சேர். விடியப் பூசை கண்டிட்டு நேரை இஞ்சைதான். மனுசி சொல்லுறா, கர்த்தருக்கு ஒரு மணித்தியாலம், மிச்சமெல்லாம் செய்மதிக்கெண்டு."

ஞாயிற்றுக் கோப்புகளைப் பார்த்தேன். மற்ற நாட்களைவிடக் குறைவில்லை. எந்த நாளும் பகலில் ஒன்று இல்லை, அவ்வளவுதான். பக்கத்தில் வாகினி 'கரண்ட்' என்று குறித்திருக்கிறாள். இந்த நாட்டில் இல்லாத எதற்கும் அந்த ஒரு சொல் போதும். அதற்குமேல் ஒருவரும் கேட்பதில்லை. ஆறு மாதமாக நானும்தான்.

மார்ச் 13, வெள்ளி

என் அறை விசிறி தட்டுக்கும் மசியவில்லை. ஆய்வுகூடத்தில் போய் இருந்து வேலை.

பதினொரு மணியளவில் திரையில் புதிய கோப்பு. கரண்ட் இருந்தது. இணைப்பு இருந்தது. யோ.அ.வும் இருந்தார், இரண்டு கையும் மடியில். அவர் கோப்பைப் பார்த்தார். கோப்பு அவரைப் பார்த்தது.

"என்ன யோசேப்பண்ணை, இறக்கேல்லையோ?"

"பன்னிரண்டுக்குப் பிறகு பாப்பம், சேர்."

"அதுக்குள்ளை அவை இதை எடுத்துப் போடுவினமே."

"ஓம். எடுத்துப் போடுவினம்."

இவ்வளவு தெளிவாக ஒப்புக்கொள்பவரிடம் அடுத்த கேள்வி கேட்பது கடினம். இருந்தாலும், "அப்ப ஏன்?"

சுவரைக் காட்டினார். நகைக்கடை ஒன்று கொடுத்த நாட்காட்டி.

"இராகு காலமெல்லோ, சேர்."

"நீங்கள் வேதக்காரரெல்லோ!"

"நான் வேதக்காரன். பிள்ளை சைவம். ஆராய்ச்சி பிள்ளையின்ரை."

கதை இதுதான். வேலை தொடங்கிய நாளில் வாகினியின் தாய் வந்திருக்கிறா. பிள்ளையாருக்கு உடைத்த தேங்காயில் ஒரு துண்டை யோ.அ.வின் கையில் வைத்து, "தம்பி, இராகு காலத்திலை மட்டும் தொடாதேங்கோ" என்று கேட்டிருக்கிறா. இவர் ஓமென்றிருக்கிறார்.

"எனக்கு உதிலை நம்பிக்கை இல்லை, சேர். ஆனா தாய் மனுசி கையைப் பிடிச்சுக் கேட்டவ. வாக்கு வாக்குத்தானே."

நான் தேநீர் குடிக்கப் போனேன். பாதியில் கை நின்றுவிட்டது. இராகு காலம் ஒன்றரை மணித்தியாலம். செய்மதி பூமியை ஒருமுறை சுற்ற எடுப்பதும் ஏறத்தாழ அவ்வளவே. சோதிடமும் வானவியலும் ஒத்துப்போகும் ஒரே இடம். ஆக, நாளுக்கு ஒரு சுற்று காணாமல் போகிறது. இராகு காலம் திங்கள் காலையில், வெள்ளி முற்பகலில், செவ்வாய் பின்னேரம். நாளுக்கு நாள் நேரம் மாற, காணாமல் போகும் சுற்றின் இடமும் மாறும். ஒரு நாள் பசிபிக்குக்கு மேலே ஓட்டை, இன்னொரு நாள் ஆபிரிக்காவுக்கு மேலே. இடத்துக்கு இடம் மேலே குளிர் வேறு. ஓட்டை ஏழு நாளில் ஒரு வட்டம் வந்தால், எங்கள் சராசரியும் ஏழு நாளில் ஏறி இறங்கும்.

அலை மேலே இல்லை. நகைக்கடை நாட்காட்டியில் இருந்திருக்கிறது.

வேறு எவருக்கு நடந்திருந்தாலும் ஒரு கிழமை சிரித்திருப்பேன்.

மார்ச் 14, சனி

வாகினியிடம் சொன்னேன். வரைபைக் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மாவோ?"

"அம்மாவும் யோசேப்பண்ணையும். சைவமும் வேதமும் ஒற்றுமையாச் செய்த வேலை."

சிரிக்கவில்லை. "சேர், இது குழுவிலை ஆருக்கும் விளங்குமோ?" என்று கேட்டாள். விளங்காது. ஒருவரும் மூலக் கோப்புகளை எண்ணிப் பார்க்கப் போவதில்லை. நான் இதைச் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியும். யன்னலுக்கு வெளியே கடனீரேரி. வலை இழுக்கிறவர்கள் எதையோ பேசிச் சிரித்தார்கள்.

பிறகு அவளே: "விடுபட்ட சுற்றெல்லாம் அவையிட்டை கிடக்கும்தானே. கேப்பம்."

தரவு நிலையத்துக்கு மின்னஞ்சல் எழுதினாள். கோப்புகள் விடுபட்ட காரணம் எழுத வேண்டிய இடத்தில் விரல் நின்றது.

"என்ன எழுத, சேர்?"

"உண்மையை."

எழுதியது: 'உள்ளூர் நடைமுறைகள் காரணமாக.' இந்தப் பிள்ளைக்கு எதிர்காலம் இருக்கிறது.

தாய்க்கு மட்டும் 25 முடியும் வரை சொல்லக் கூடாது என்கிறாள். "தன்னாலைதான் எண்டு நினைச்சுச் சாப்பிடமாட்டா." நியாயம். ஆனால் அதனால் இன்னொரு சிக்கல். வாக்கை விடும்படி யோ.அ.விடம் கேட்டேன். "குறை நினையாதேங்கோ, சேர். குடுத்தது அவவுக்கு. அவதான் திருப்பி எடுக்கோணும்." வாகினி தானே இறக்குகிறேன் என்றதற்கு, "ஐயோ பிள்ளை, உனக்காகத்தானே வாக்கே!"

முடிவு: இராகு கால உத்தியோகத்தர் நான்.

மார்ச் 17, செவ்வாய்

புழுக்கம். மழை வரும் போலிருந்தது. போலிருந்ததோடு சரி.

பின்னேரம் என் கடமை நேரம். நான் கதிரையில் இருக்க, யோ.அ. எழும்பி வெளியே போய் மதிலைப் பார்த்து நிற்கிறார். நேற்று நான் இறக்கியது பாதிக் கோப்பு. முழுதென்று நம்பிவிட்டேன். நிரலும் நானும் ஒரே தரம். அவர் உள்ளே வந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். அதற்கு அவருக்கு வாக்குத் தடை இல்லை.

தரவு நிலையத்திலிருந்து பதில். ஒரு பெண். கேட்ட அத்தனை சுற்றும் அனுப்பியிருக்கிறா. கீழே ஒரு வரி: உள்ளூர் நடைமுறைகள் என்றால் என்ன என்று அறிய ஆவல், கட்டாயமில்லை. நல்ல மனுசி. இவ்வளவு காலமும் நாங்கள் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்கிற பழக்கம் எங்களிடம் இல்லை, இல்லாமல் சமாளிக்கிற பழக்கம்தான்.

வாகினி ஓட்டைகளை நிரப்பி நிரலை ஓட்டினாள். ஏழு நாள் அலை போய்விட்டது. குறையவில்லை, போய்விட்டது. கழுவின தட்டுப் போல ஒரு கோடு.

"நல்லது," என்றாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குப் போனாள்.

மார்ச் 19, வியாழன்

நேற்று அவள் வரவில்லை. நான் எழுத ஒன்றுமில்லை.

இன்று எனக்கு முன்னமே வந்து இருந்தாள். கண் சிவப்பு. மேசையில் புதிய வரைபு, அதில் ஓர் இடத்தில் விரல்.

"சேர், இதைப் பாருங்கோ. கழுவுப்படேல்லை."

ஒரு சின்னத் திமில். ஆறரை நாளில். ஏழு நாள் அலையின் நிழலில் இவ்வளவு நாளும் படுத்திருந்திருக்கிறது. ஒக்டோபரில் சில கிழமை எழும்புகிறது, பிறகு இல்லை. மேற்கு நோக்கி நகர்கிறது, எப்படி நகர வேண்டுமோ அப்படி. மார்ச் தொடங்கத் திரும்பவும் தலை தூக்குகிறது. ஒழுங்கில்லை. அழகில்லை. கிழமை தெரியாது.

இயற்கையின் பிள்ளை.

மூன்று விதமாகச் சோதித்தோம். நான் அதைக் கொல்ல முயன்றேன், அவள் அனுமதித்தாள். போகவில்லை. புதிய கண்டுபிடிப்பு அல்ல, உலகம் அறிந்த அலைதான். ஆனால் இந்த முறை அது எங்கள் தலைக்கு மேல் எழும்பும்போது நாங்களும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"இது சின்னனாக் கிடக்கு, சேர். குழுவுக்குக் காணுமோ?"

தெரியாது என்றேன். அது உண்மை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் நான் விசிலடித்ததாகப் பக்கத்தில் இருந்தவர் முறைப்பாடு.

மார்ச் 20, வெள்ளி

பதாகை வந்துவிட்டது. 'ஏழு நாள் அலை.' செய்மதி, தீப்பெட்டி அளவு.

பணிப்பாளரிடம் உண்மையைச் சொன்னோம். கேட்டார். கண்ணை மூடினார். "ஆறரை எண்டு போட்டால் ஆர் பாப்பினம்?" பிறகு, "ஏழைச் சொல்லிட்டு, ஆறரையைப் பின்னாலை மெதுவாச் சொன்னால் என்ன?"

வாகினி: "இல்லை, சேர். அது இல்லாத அலை."

அவர் என்னைப் பார்த்தார், நான் பெரியவன் என்ற முறையில் ஏதாவது சொல்வேன் என்று. நான் நூல் கட்டின கண்ணாடியைத் துடைத்தேன். பதாகையைச் சுருட்டி மூலையில் வைத்தாயிற்று.

மார்ச் 25, புதன்

முகில். காற்று இல்லை. ம.கு. காலை பத்து மணிக்கு. கொழும்பு ரயில் பிந்தியதால் தலைவர் வந்து சேரப் பன்னிரண்டு. புதன்கிழமை பன்னிரண்டு: இராகு காலத் தொடக்கம். சுவரில் இருக்கும் நாட்காட்டியை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் பாடம்.

யோ.அ. வாசலில் செபமாலையோடு. இன்றைக்கு என் கடமையை யார் செய்வது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு சுற்றுப் போனது.

பேராசிரியை ஒருவர், எங்கள் ஊர்ப் பக்கத்தவர், தொடங்கினார்.

"பிள்ளை, நீர் முதல் அனுப்பின சுருக்கத்திலை ஏழு நாள். இப்ப ஆறரை. மிச்ச அரை நாள் எங்கை போட்டுது?"

"ஏழு நாள் அலை வானத்திலை இல்லை, மடம். எங்கடை தரவிலை இருந்த ஓட்டையாலை வந்தது." இரண்டு வரைபையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். ஓட்டை எப்படி வந்தது என்று சொன்னாள். தாயை மறைக்கவில்லை, யோ.அ.வை மறைக்கவில்லை, கரண்ட் என்று எழுதியது தான்தான் என்றும் சொன்னாள்.

தலைவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சுவரை. பிறகு, மிக மெதுவாக:

"அப்ப நாங்கள் இப்ப அதுக்குள்ளைதான் இருக்கிறம்."

முதலில் சிரித்தது பேராசிரியை. அதற்குப் பிறகு எல்லோருடைய சிரிப்பிலும் மின்விசிறிச் சத்தம் அமுங்கியது.

எங்களை வெளியே அனுப்பிக் கதைத்தார்கள். கதவு மெல்லிய பலகை. "சின்ன அலைதான்." "ஓம், ஆனா தன்ரை பெரிய அலையைத் தானே கொன்று போட்டிட்டு வந்து நிக்கிற பிள்ளை." இதற்குமேல் ஒட்டுக்கேட்பது மரியாதையில்லை என்று யோ.அ. தள்ளிப் போனார். நான் போகவில்லை.

வாகினியை மட்டும் திரும்ப உள்ளே கூப்பிட்டார்கள். ஏற்றுக்கொண்டார்கள். கலாநிதிப் பதிவு. ஒரு நிபந்தனை: ஓட்டை எப்படி அலையாகிறது என்பது முழு அத்தியாயமாக வரவேண்டும். தரவில் ஓட்டை இல்லாத நாடு எது என்று தலைவர் கேட்டாராம்.

வாகினி வெளியே வந்து யோ.அ.விடம் சொன்னாள். அவர் செபமாலையைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு முகத்தைத் துடைத்தார். "வெக்கை," என்றார்.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் பத்துத் துளி மழை. புழுதி வாசம். ஆணி கிடைத்தது, பழைய கடிகாரக்காரரிடம்.

பின்னேரம் உரும்பிராய். வாகினி, நான், யோ.அ. மூவரும். நாலரைக்குப் பிறகுதான் போகலாம், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை யோ.அ.வுக்கு ஓய்வு கிடைப்பது இராகு காலத்தில் மட்டும். அவர் மோட்டார் சைக்கிளில், பின்னால் பணிப்பாளரின் பதாகை. எறியச் சொன்னாராம். யோ.அ.வுக்கு எறிய மனமில்லையாம்.

தாய் தோட்டத்தில், பிடுங்கின வெங்காயத்தின் நடுவில். வாகினி எல்லாவற்றையும் சொன்னாள். கலாநிதிப் பதிவு கிடைத்த செய்தியை முதலில் சொன்னாள், விஷயம் தெரிந்தவள். தாய் வாயில் கை வைத்தா.

"ஐயோ தம்பி! நான் தொடங்கிற நாளைக்கெல்லோ சொன்னனான்! ஒவ்வொரு நாளுமோ? அப்பிடிப் பாத்தா நான் வெங்காயத்துக்குத் தண்ணி விடேலுமோ?"

யோ.அ. கையில் தலைக்கவசத்துடன் நின்றார். ஆறு மாதம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாகக் கடந்து போனது.

"அப்ப அக்கா... நான் இனித் தொடலாமோ?"

"தொடுங்கோ ராசா. எந்த நேரமும் தொடுங்கோ." பிறகு மகளிடம், "மேலை அப்பிடி என்னடி கிடக்கு?"

"காத்துத்தான் அம்மா. கீழை எங்களைச் சுடவைக்கிற அதே காத்து, மேலை தன்ரை சூட்டை வெளியாலை விட்டிட்டுக் குளிருது."

"உன்ரை கொப்பரைப் போலை. வீட்டிலை சூடு, சபையிலை குளிர்."

கிணற்றடியில் இருந்த தகப்பனுக்குக் கேட்டது. நாங்கள் விருந்தாளிகள் என்பதால் குளிராகவே இருந்தார்.

பதாகையை விரித்து வெங்காயம் காயப்போட்டார்கள். பணிப்பாளரின் முகம் நிலத்தைப் பார்க்க, வெள்ளைப் பக்கம் மேலே. முகத்தில் வெங்காயம் பரப்பக் கூடாதாம். சைவ மரியாதை.

திரும்பிப் பார்த்தால் யோ.அ. மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார்.

"எங்கை, யோசேப்பண்ணை? தேத்தண்ணி வருது!"

"கோப்பு சேர்! நீங்கள் இஞ்சை, நான் இஞ்சை, அங்கை ஆர்? இப்ப எடுத்துப் போடுவினம்!"

புழுதி மட்டும் மிச்சம். தாய் அவருக்கு ஊற்றின தேநீரை நான் குடித்தேன்.

ஆறுக்குக் கொஞ்சம் முன்னால் வாகினியின் தொலைபேசியில் யோ.அ.வின் குரல் செய்தி. மூச்சு வாங்கியது. அவள் சத்தமாகப் போட்டாள்.

"பிள்ளை, முழுசா இறங்கீட்டுது. ரண்டுதரம் பாத்திட்டன். சிலுவை போட்டிட்டுத்தான் பட்டனை அமத்தினனான்."